ஜாடையைப் பிடிப்பது எப்படி: ‘ஸ்பை’ காட்டிய வழியில் கேலிச்சித்திரப் பயிற்சி

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு பையனின் கணக்கு நோட்டைப் பிடுங்கினேன். கடைசிப் பக்கத்தில் நான் இருந்தேன். கண் இல்லை, மூக்கு இல்லை. முன்னால் தள்ளிய வயிறு, பின்னால் கட்டிய கைகள், காதில் செருகிய சாக்பீஸ், ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. அவ்வளவுதான். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, “சார், இது நீங்கதானே!” என்று சிரித்துவிட்டார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன்.

கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு கண் அகலம், காதின் மேல்நுனி புருவத்துக்கு நேர் என்று வருடக்கணக்கில் முக அளவு சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் ஒன்றைக்கூட அந்தப் பையன் காதில் போட்டுக்கொண்டதில்லை. பிறகு எப்படி என்னைப் பிடித்தான்? இந்தக் கேள்வி ரொம்ப நாள் உறுத்தியது. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் ‘ஸ்பை’ என்ற பெயரில் வரைந்த லெஸ்லி வார்டின் படங்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் விடை கிடைத்தது. அந்த விடையைத்தான் இங்கே பயிற்சியாக எழுதுகிறேன். பென்சில் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஆள் யார் என்று கொஞ்சம்

வார்டு 1851-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா எட்வர்டு மேத்யூ வார்டு, அம்மா ஹென்ரியெட்டா வார்டு, இருவருமே வரலாற்றுக் காட்சிகளை வரைந்து பேர் வாங்கிய ஓவியர்கள். (அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் வார்டுதான், ஆனால் சொந்தம் கிடையாது.) ஈட்டன் பள்ளியில் படிக்கும்போது உடன் படித்தவர்களையும் வாத்தியார்களையும் வரைந்து தள்ளினார். எந்த ஊரிலும் பையன்கள் பையன்கள்தான். 1869-ல் பள்ளியை விட்டதும் கட்டடக் கலை படிக்கச் சொன்னார் அப்பா. ஓவியம்தான் வேண்டும் என்று சொல்ல மகனுக்குத் துணிச்சல் வரவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்ட வாசிப்புக் கூடத்தைக் கட்டிய சிட்னி ஸ்மர்க்கின் அலுவலகத்தில் ஒரு வருடம் மனசில்லாமல் கழித்தார். கடைசியில் ஃப்ரித் என்ற ஓவியர் அப்பாவிடம் பேசி வழிக்குக் கொண்டுவந்தார். 1871-ல் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தார் வார்டு.

தாமஸ் கிப்சன் பௌல்ஸ் என்பவர் 1868-ல் ‘வேனிட்டி ஃபேர்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் அரசியல் தலைவர் டிஸ்ரேலியின் கேலிச்சித்திரம் வண்ணத்தில் ஒரு முழுப் பக்கம் வந்தது. வரைந்தவர் கார்லோ பெல்லெக்ரினி, இத்தாலிக்காரர், பின்னால் ‘ஏப்’, அதாவது குரங்கு, என்று கையெழுத்துப் போட்டவர். அதிலிருந்து வாரம் ஒரு பிரபலம் மாட்டினார். 1873-ல் ஓவியர் மில்லே, வார்டின் கேலிச்சித்திரங்களைப் பார்த்துவிட்டு, பௌல்ஸிடம் காட்டச் சொன்னார். அதில் எலும்பு ஆராய்ச்சி நிபுணர் ரிச்சர்ட் ஓவனின் படமும் ஒன்று. ‘டைனோசர்’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். அந்தப் படம் ‘கிழட்டு எலும்புகள்’ என்ற தலைப்போடு மார்ச் மாதம் அச்சேறியது. புனைபெயர் வேண்டுமே என்றபோது பௌல்ஸ் ஓர் அகராதியை நீட்டினாராம். பிரித்த இடத்தில் கண்ணில் பட்டது ‘ஸ்பை’, உளவாளி. தேடி அலைந்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

1911 வரை அந்தப் பத்திரிகைக்கு மட்டும் 1,325 படங்கள். வருடத்துக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம். நான் வருடத்துக்கு நாலு படத்தை ஒழுங்காக முடித்தாலே பெரிய விஷயம்.

பென்சிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

முதல் பாடம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. வார்டு தன் ஆட்களைத் தேடிப் போனார். நீதிமன்றம், குதிரைப் பந்தய மைதானம், தேவாலயம், நாடாளுமன்ற முன்கூடம் என்று அவர்கள் புழங்கும் இடத்தில் போய் நின்று பார்த்தார். பார்த்ததை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து பெரும்பாலும் நினைவிலிருந்துதான் வரைந்தார். நல்ல ஞாபகசக்தியும் நுணுக்கத்தைக் கவனிக்கும் கண்ணும் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்பது அவர் கட்சி.

ஆரம்பத்தில் எனக்கு இது பிடிபடவில்லை. எதிரில் ஆள் இருக்கும்போது ஏன் நினைவை நம்ப வேண்டும்? செய்து பார்த்தபோதுதான் புரிந்தது. எதிரில் இருப்பவரைப் பார்த்து வரைந்தால் எல்லாமே கண்ணில் படும். சட்டைப் பொத்தான், காதோர முடி, கன்னத்து மரு, எல்லாம் ஒரே சத்தத்தில் பேசும். நினைவில் அப்படி நடக்காது. மறக்க வேண்டியது தானாக மறந்துபோகும், மிச்சமிருப்பதுதான் ஜாடை. அந்தப் பையன் என்னைப் பார்த்து வரையவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் வரைந்திருக்கிறான். அதனால்தான் மூக்கு இல்லை. தினமும் அவன் பார்த்தது என் நடையைத்தான்.

செய்முறைக்கு வருவோம். தினமும் பார்க்கிற, ஆனால் நெருங்கிப் பழகாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் போதும். முறைத்துப் பார்க்காதீர்கள். உட்கார்ந்திருப்பவரைவிட நடப்பவர் நல்லது. பின்னால் இருந்து பார்ப்பது இன்னும் நல்லது, முகத்தில் மாட்டிக்கொள்ளாமல் உடம்பைக் கவனிப்பீர்கள். பார்க்கும்போதே மனதுக்குள் சொற்களாகச் சொல்லிக்கொள்ளுங்கள்: “இடது தோள் இறக்கம். முகவாய் முதலில் போகிறது, உடம்பு பின்னால் வருகிறது. கைக்குட்டையை விடுவதில்லை.” மூன்று விஷயம், அதற்கு மேல் வேண்டாம். நான் ஏழெட்டு சேர்த்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போவதற்குள் எல்லாம் குழம்பிப்போகும்.

அன்று இரவு உட்காருங்கள், உடனே அல்ல. நாலைந்து மணிநேர இடைவெளி விட வேண்டும். கைப்பிடி அளவு படமாக ஐந்தாறு வரையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். அழித்துத் திருத்த வேண்டாம், ரப்பரை எட்டாத தூரத்தில் வையுங்கள். மறுநாள் அதே ஆளை மறுபடி பாருங்கள். அப்போதும் வரைய வேண்டாம், நேற்று போட்டதில் எது பொய் என்று மட்டும் பாருங்கள். இப்படி மூன்று நாள். நாலாவது நாள் இரவு உங்கள் கை உங்களைக் கேட்காமலே ஒரு கோடு போடும். அதுதான் வேண்டியது.

அதே நூற்றாண்டில் பாரீசில் லெகோக் தெ புவாபோட்ரான் என்ற ஓவிய ஆசிரியர் நினைவிலிருந்து வரைவதைத் தனிப் பாடமாகவே நடத்தினார். சிற்பி ரோடன் அவரிடம் படித்தவர். ஆக, இது குறுக்கு வழி இல்லை, முறையான பயிற்சிதான்.

முகத்தை விடுங்கள், செருப்பிலிருந்து தொடங்குங்கள்

வேனிட்டி ஃபேர் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரே ஆள், பெரும்பாலும் தலை முதல் கால் வரை. பின்னணி கிட்டத்தட்ட வெறுமை, காலடியில் மட்டும் கொஞ்சம் நிழல். மேசை, நாற்காலி, திரைச்சீலை எதுவும் காப்பாற்ற வராது. ஆள் நிற்கிற விதமே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் காலிலிருந்து தொடங்குங்கள். எந்தக் காலில் எடை இருக்கிறது? குதிகாலிலா, விரல் நுனியிலா? கால்சட்டை முழங்காலில் தொங்குகிறதா, விறைப்பாக இருக்கிறதா? பாதம் சரியாக விழுந்தால் முதுகெலும்பு தானாக வரும், முதுகெலும்பு வந்தால் கழுத்து வரும். நான் முகத்தில் தொடங்கியபோதெல்லாம் கழுத்துக்குக் கீழே ஏதோ ஒரு கோட்டு மாட்டிய கொம்புதான் நின்றது.

இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். வரைந்த உருவத்தின் வெளிக்கோட்டுக்குள் முழுவதையும் கறுப்பு மையால் நிரப்பிவிடுங்கள். முகம் போயிற்று, உடை போயிற்று. அந்த ஆளைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அடையாளம் கண்டுகொண்டால் படம் பிழைத்துவிட்டது. கண்டுகொள்ளாவிட்டால் மூக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை, மறுபடி பார்க்கப் போங்கள்.

1877-ல் வார்டு வரைந்த கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸை இந்தச் சோதனைக்கு உதாரணமாகச் சொல்வேன். நெஞ்சை மறைக்கும் தாடி, உச்சந்தலையில் சின்னத் தொப்பி, கையில் மட்டை. முகத்தைக் கறுப்பாக்கினாலும் கிரேஸ் கிரேஸ்தான். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

எதைப் பெரிதாக்குவது, எவ்வளவு

வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை, அதாவது தலையின் உயரத்தைப் போல ஏழரை மடங்கு. கடற்கரையிலும் கண்காட்சியிலும் ஐந்து நிமிடத்தில் வரைந்து தரும் கேலிச்சித்திரங்களில் இது மூன்று தலைக்கு வந்துவிடும், பெரிய பலூனுக்குக் கீழே பொம்மை உடம்பு. பெல்லெக்ரினி தலையைத் தைரியமாகப் பெருக்குவார். வார்டு அடக்கம். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஆறு தலை. இந்த அளவில், பார்ப்பவருக்கு எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும், எதை என்று உடனே தெரியாது.

முகத்துக்குள் வரும்போது ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். நெற்றி ஏறினால் தாடை சுருங்கட்டும். மூக்கு நீண்டால் மேலுதடு குட்டையாகட்டும். முகம் ஒரு குடும்ப பட்ஜெட் மாதிரி, மொத்தம் மாறாது. எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவுமே பெரிதாகத் தெரியாது.

சில சமயம் பெருக்கவே தேவையிருக்காது. ஓவியர் விஸ்லரைப் பாருங்கள். கறுத்த சுருள் முடிக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கற்றை, கண்ணில் ஒற்றைக் கண்ணாடி. இவை அவரிடம் நிஜமாகவே இருந்தவை. 1878-ல் வார்டு வரைந்தபோது அந்த மனிதர் பாதி வேலையைத் தானே செய்து வைத்திருந்தார். கிடைத்ததை எடுத்துக்கொள்ளத் தெரிவதும் திறமைதான்.

சில சமயம் சின்ன விஷயம் பெரிய சண்டையாகும். 1873 ஏப்ரலில் நாவலாசிரியர் ஆந்தனி டிராலப்பின் படம் வந்தது. தாடி, கண்ணாடி, கனத்த உடம்பு, கையில் சுருட்டு. கட்டைவிரல் மட்டும் விசித்திரமாக நீட்டிக்கொண்டிருக்கும். டிராலப்புக்குக் கடும் கோபம். எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் படத்தின் உயிர். நாவலாசிரியர் என்றால் எல்லாரும் நெற்றியைப் பார்ப்பார்கள், வார்டு போய் கட்டைவிரலைப் பார்த்திருக்கிறார். கைகளை வரையச் சோம்பல் பட்டுச் சட்டைப்பைக்குள் ஒளிக்கும் என் பழைய மாணவர்கள் அனைவரும் இந்தப் படத்தை ஒரு முறை பார்க்க வேண்டும்.

வண்ணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வார்டு நீர்வண்ணத்தில் வரைந்து கொடுப்பார். வின்சென்ட் புரூக்ஸ், டே அண்ட் சன் என்ற அச்சகம் அதைக் கல்லச்சில் ஏற்றும். வண்ணத்துக்கு ஒரு கல், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சு. நீங்களும் வண்ணத்துக்கு ஒரு கல் என்று நினைத்துக்கொண்டு வரையுங்கள். உடைக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, எங்காவது ஒரு சிவப்பு. நாலுக்கு மேல் போகாதீர்கள். நிழலை முதலில் வெளிர் சாம்பலில் போட்டு நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் வண்ணத்தை ஒரே ஓட்டமாக இழுங்கள். ஈரத்தில் மறுபடி கை வைத்தால் சேறாகும். கறுப்புக் கோட்டு வரைய நேரடியாகக் கறுப்பை எடுக்க வேண்டாம், நீலத்தையும் பழுப்பையும் கலந்தால் துணிக்கு உயிர் இருக்கும்.

பழைய அச்சுப் பிரதி கையில் கிடைத்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கல்லச்சில் புள்ளிகள் மணலைத் தூவியது போல ஒழுங்கில்லாமல் கிடக்கும். வரிசையாக, பூப்பூவாக அடுக்கியது போலத் தெரிந்தால் அது பிற்கால நகல். பயிற்சிக்கு நகலும் போதும். விலை கொடுக்கும் முன்தான் கண்ணாடி தேவை.

ஆள் எதிரில் வந்து நின்றால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் சறுக்கிய இடமும் இதுதான், வார்டு சறுக்கிய இடமும் இதுதான்.

புகழ் வந்த பிறகு ஆட்கள் அவர் ஸ்டுடியோவுக்கே வர ஆரம்பித்தார்கள். நீதிபதிகள் அங்கியோடு, ராணுவத்தினர் சீருடையோடு வந்து நின்றார்கள். நிற்பவர் வயிற்றை உள்ளே இழுப்பார், முகவாயைத் தூக்குவார். உளவாளி பார்க்க விரும்பியது அந்த முகவாய் தூக்காத நேரத்தை. 1889 ஜனவரியில் பெல்லெக்ரினி இறந்தார். அதே ஆண்டில் பௌல்ஸ் பத்திரிகையை விற்றுவிட்டார். ஒரு பக்கம் கூர்மையான போட்டி போனது, இன்னொரு பக்கம் கூர்மையான ஆசிரியர் போனார். வார்டும் அதற்குள் பெரிய மனிதர்கள் வட்டத்தில் ஒருவராகிவிட்டார். பிற்காலப் படங்களைக் கேலிச்சித்திரம் என்று சொல்லாமல் ‘இயல்பு காட்டும் உருவப்படம்’ என்கிற மாதிரிப் பெயர் வைத்து அழைத்தார். 1915-ல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் இந்த மாற்றத்தை அவர் மறைக்கவும் இல்லை. 1918-ல் சர் பட்டம் வந்தது, 1922-ல் காலமானார்.

1870-களின் படத்தையும் 1890-களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிந்தையதில் கை இன்னும் தேர்ச்சி, துணி மடிப்பு இன்னும் அழகு. ஆனால் பூசி மெழுகியது தெரியும். அரச குடும்பத்தாரையும் பெண்களையும் வரையும்போது அந்த மெழுகல் இன்னும் அதிகம்.

அவரை நான் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஓய்வு பெறப்போகும் ஒரு மேலதிகாரியை விழாவுக்காக வரையச் சொன்னார்கள். மூன்று நாள் கவனித்து, நாலாம் நாள் நல்ல படம் விழுந்தது. எதிரில் யார் நின்றாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம் அவருக்கு. படம் முழுக்க அந்தக் கைதான். எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். “பரவாயில்லை, சும்மா பார்க்கிறேன்” என்று பின்னால் நின்றார். நான் கையைக் கொஞ்சம் இறக்கினேன். “முடி இவ்வளவு குறைவா?” என்றார். கொஞ்சம் முடி வைத்தேன். விழாவில் படத்தைத் திறந்தபோது முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்கு மேடை வரை கேட்டது: “யாருங்க இது?”

ஆகவே நடைமுறையில் சில ஏற்பாடுகள். முடியும்வரை படத்தை ஆளிடம் காட்டாதீர்கள். அவர் வந்து நின்றே ஆவேன் என்றால் நிற்கட்டும், மரியாதையாக அளவெடுத்துக்கொள்ளுங்கள், அங்கியின் மடிப்பையும் பதக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். கிளம்பும்போது வாசல்வரை போய் வழியனுப்புங்கள். அவர் திரும்பி நடக்கத் தொடங்கும் அந்த நேரத்தில் பாருங்கள். வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டதால் வயிறு வெளியே வந்திருக்கும்.

கோபித்துக்கொண்டால்? உடம்பில் உள்ள ஊனத்தையோ நோயையோ தொட்டிருந்தால் கோபம் நியாயம், கிழித்துவிடுங்கள். பழக்கத்தைத் தொட்டிருந்தால் காத்திருங்கள். கேலியில் கனிவு இருக்க வேண்டும், கொச்சை கூடாது என்று வார்டே எல்லை வகுத்திருக்கிறார். நடையும் உடையும் பாவனையும் அவர்களே தேர்ந்தெடுத்தது, அதைக் கேலி செய்யலாம். பிறப்பில் வந்ததை விட்டுவிடலாம். நான் வைத்திருக்கும் கணக்கு இது.

தலைப்பு, கையெழுத்து

வேனிட்டி ஃபேரில் படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது, ஒரு சீண்டல்தான் இருக்கும். ஓவனுக்கு ‘கிழட்டு எலும்புகள்’, தன் ஓவியங்களுக்கு இசைப் பெயர் வைத்த விஸ்லருக்கு ‘ஒரு சிம்பொனி’. கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜிக்கு 1897-ல் வெறும் ‘ரஞ்சி’. அதற்கே கூட்டம் புரிந்துகொண்டது. நீங்களும் பெயரை எழுதாமல் இரண்டு சொல்லில் ஒரு தலைப்பு யோசித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் ஆளை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கையெழுத்து காலடிப் பக்கம், சின்னதாக.

அந்தக் கணக்கு நோட்டுப் பையன் கையெழுத்துப் போடவில்லை. பல வருடம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டி, “இதில் ஒரு கையெழுத்துப் போடுப்பா” என்று பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் படத்தையே பார்த்தான். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், வெளியே கிடந்த என் செருப்பைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து, படத்தில் குதிகாலை இன்னும் கொஞ்சம் தேய்த்தான்.